அய்யாக்குட்டி என்றொரு சொல்

பந்து உயரே போயிற்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் காலி மனையில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிரிக்கெட்தான். ஒருவன் ஓடிப்போய்ப் பந்துக்கு நேர் கீழே நின்று இரண்டு கைகளையும் ஏந்தினான். பந்து அவன் கையில் விழுந்து, துள்ளி, தரையில் உருண்டது. "அய்யாக்குட்டீ..." என்று மைதானம் மொத்தமும் கத்தியது. அப்பா அடுக்களை வாசலில் உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பயறு வைத்தாள். நான் எழுந்து போய்ப் பின்பக்க ஜன்னலை அடைத்தேன், வேண்டுமென்றே சத்தமாக. அய்யாக்குட்டி என் அப்பாவின் பெயர்.

அந்தப் பயல்களுக்கு அது தெரியாது. தெரிந்து கத்தினாலாவது ஒருவனை இழுத்து வைத்து நாலு அறை அறையலாம். தென்காசி சுற்றுவட்டாரத்தில் கேட்ச்சைத் தவறவிட்டால் அய்யாக்குட்டி. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால், அய்யாக்குட்டி போட்டுவிட்டார்கள். கூட்டணி வைத்த கட்சி கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் டீக்கடையில் அதே பேச்சு. நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றுவிட்டால், டெக்னீஷியன் பெலிக்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, "மெஷின் அய்யாக்குட்டி ஆயிட்டுக்கா" என்பான். நல்ல பையன். அவனிடம் போய் என்ன சொல்ல? என் பெயர் அ. இசக்கிசெல்வி. 'அ' எதற்கு என்று அவன் ஒருநாள் கேட்டபோது அருணாசலம் என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா குற்றாலம் ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தார். ஓர் ஆடி மாதத்து மத்தியானம், மலைமேல் எங்கோ கொட்டிய மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிட்டது. கூட்டம் அலறிக்கொண்டு மேலே ஏறியது. அப்பா அப்போதுதான் தேய்த்து அனுப்பியிருந்த இராஜபாளையத்துப் பையன் ஒருவன், இழுத்துக்கொண்டு போகிற தண்ணீரில் பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். அப்பா குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்தார். அவன் கையிலும் எண்ணெய், இவர் கையிலும் எண்ணெய். எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. மறுநாள் கீழே ஓடையிலிருந்து அந்தப் பையனை எடுத்தார்கள். அய்யாக்குட்டி கையை விட்டுவிட்டான் என்று ஊர் சொன்னது. அன்றைக்கு அங்கே எத்தனையோ பேர் நின்றார்கள். வேறு எவனும் படுக்கவில்லை, எவனும் கையை நீட்டவில்லை. நீட்டாதவன் பெயரெல்லாம் பத்திரமாக இருக்கிறது. நீட்டியவன் பெயரைத்தான் வாயில் போட்டு மென்றார்கள். எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான்.

முதலில் அது செய்தியாக இருந்தது. அப்புறம் புறணியாயிற்று. அதற்கப்புறம் கேலி. கடைசியில், யாரைப் பற்றியது என்பதே மறந்துபோய் வெறும் சொல்லாக நின்றுவிட்டது. அப்பா அந்த வேலையை விட்டார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு தென்காசிக்கு வந்தோம். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போட ஆரம்பித்தார், இன்றைக்கு அவர் எல்லோருக்கும் சிப்ஸ் கடை அண்ணாச்சி. ஆனால் நாங்கள் வருவதற்கு முன்பே அந்தச் சொல் தென்காசிக்கு வந்து குடியேறியிருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அந்தச் சொல் போய்ச் சேராத ஊராகப் பார்த்து, திருவேங்கடத்தில் முடித்தார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், நான் என் வேலைக்காக அம்மா வீட்டிலேயே இருக்கிறேன்.

சஃப்ரின் வந்தது இந்த வருஷச் சீசனில். வெளியூர்க்காரி இல்லை, மரக்கடை பாரூக் பாயின் மகள், பள்ளிக்கூடத்தில் எனக்குச் சில வகுப்புகள் கீழே படித்தவள். சென்னையில் ஓவியக் கல்லூரிக்குப் போனாள். ஆனால் அவள் வரைந்து யாரும் பார்த்ததில்லை. "எம்மவ என்ன படிச்சிருக்கான்னு எனக்கே சொல்லத் தெரியல" என்று பாரூக் பாய் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். அவள் டீக்கடைகளிலும் கல்லூரி வாசல்களிலும் பஸ் ஸ்டாண்டிலும் பெட்டிகள் வைத்தாள். 'இந்த ஊர் வாயில் மட்டும் புழங்குகிற ஒரு சொல்லை எழுதிப் போடுங்கள்' என்று ஒவ்வொரு பெட்டிமேலும் எழுதியிருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, வந்த சீட்டுகளையெல்லாம் காட்சிக்கு வைத்தாள். 'ஊர்ச்சொல்' என்று அதற்குப் பெயர்.

எனக்கு விஷயம் தெரிந்தது பெலிக்ஸின் போனில்தான். மண்டபத்தில் எடுத்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அக்கா, அதிகம் பேரு எழுதினதுல நம்ம வார்த்தைதான் ஃபர்ஸ்ட்டு!" என்றான். நம்ம வார்த்தையாம். உச்சந்தலையில் ஏறியது எனக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறினேன்.

மண்டபத்துக்குள் நாற்காலிகளை ஒதுக்கியிருந்தார்கள். கூரையிலிருந்து நூல்நூலாகத் தொங்கவிட்டு ஒவ்வொரு நூலிலும் ஒரு சீட்டு. ஏலே, பைய, அங்கன எல்லாம் ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சம் தொங்கின. நடுவில், மணமேடைக்கு முன்னால், ஓர் அறையை அடைக்கிற அளவுக்கு என் அப்பாவின் பெயர். பென்சிலில், பேனாவில், ஸ்கெட்ச்சில், கோணல் எழுத்தில், அச்சடித்தது போன்ற எழுத்தில். கையால் விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவியிலிருந்து நேராக வந்தவர்கள் விலக்கி விலக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டு. ஒரு தூணில் அட்டை மாட்டியிருந்தது. 'அய்யாக்குட்டி: பிடித்ததைக் கைவிடுதல், வாக்குக் கொடுத்துவிட்டு நழுவுதல். இது ஒரு மனிதரின் பெயராக இருந்திருக்கலாம். அப்படி ஒருவர் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு சொல் பிறக்க ஒருவர் போதும். அது வாழ எல்லோரும் வேண்டும்.' கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருந்தாரா என்று கேட்டிருக்கிறார்கள்.

சஃப்ரினைக் கூப்பிட்டேன். "இது ஒரு ஆளோட பேரு" என்றேன்.

"இருக்கலாம்க்கா. அதான் கார்டுலயே போட்டிருக்கேனே."

"இருக்கலாம் இல்ல. இருக்காரு. பழைய பஸ் ஸ்டாண்டுல சிப்ஸ் கடை வச்சிருக்காரு. எங்கப்பா."

அவள் முகம் மாறியது. "சிப்ஸ் கடை அண்ணாச்சியா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த படியில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பாறை, எண்ணெய், கை எல்லாம். அவள் கண் கலங்கியது நிஜம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கலக்கத்துக்குப் பின்னாலேயே ஒரு வெளிச்சமும் வந்தது. தேடினது கிடைத்துவிட்டது என்கிற வெளிச்சம். "அக்கா, அண்ணாச்சியோட போட்டோவை இங்கன நடுவுல வச்சு, உண்மையில என்ன நடந்துச்சுன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"செருப்பு பிஞ்சிரும்" என்றேன். "இம்புட்டு நாளா ஆளு யாருன்னு தெரியாமக் கத்தினாங்க. இனிமே மூஞ்சியப் பாத்துக் கத்தணும், அதான? எல்லாத்தையும் கழட்டு."

அவள் எழுந்து நின்றாள். பயப்படவில்லை. "கழட்டுதேன்க்கா. கழட்டிட்டா ஊரு சொல்லாம இருந்துருமா? இத நான் உண்டாக்கல. ஒருத்தர் உண்டாக்கல. எல்லாரும் பேசிப் பேசி வந்தது. ஒரு வார்த்தைக்கு ஒருத்தர் வந்து இது எனக்குள்ளதுன்னு சொன்னா, நாளைக்கு ஒவ்வொண்ணுக்கும் ஆளு வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும். ஒவ்வொண்ணுலயும் ஒருத்தன் அடிபட்டிருந்தா, வந்து நிக்கட்டும்."

அவள் தூணில் மாட்டியிருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "சரிக்கா. ஆனா ஒங்க சொல்லுக்கு எடுக்க முடியாது. பேரு அவரோடதுல்லா. அண்ணாச்சி வந்து, அது நான்தான், எடுத்துருன்னு அவரு வாயால சொல்லட்டும். அந்த நிமிசமே எடுத்துருதேன். கார்டையும் கிழிச்சிருதேன்."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் இன்னும் ஆத்திரமாக வந்தது. அப்பா ஐந்தருவி ரோட்டுப் பக்கமே இத்தனை வருஷமாகப் போனதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். டிவியில் எல்லைக்கோட்டருகே ஒருவன் பந்தைப் பிடித்து, தடுமாறி, விட்டான். "ப்ச்... அய்யாக்குட்டி" என்றார் அப்பா. என் காது சரியாகத்தான் கேட்டது. அடுக்களையில் அம்மா அரிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண்டபத்தில் பார்த்ததையெல்லாம் கொட்டினேன். நூல், சீட்டு, அட்டை, இருந்தாரா என்ற கேள்வி, சஃப்ரின் கேட்ட ஒரே ஒரு வாக்கு. "ஊரெல்லாம் சொல்லுது. நீங்களுமா? ஒங்க பேரப் போய் ஒங்க வாயாலயே... வெக்கமா இல்லியாப்பா?" என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படி நான் பேசியதே கிடையாது.

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "எல்லாரும் சொல்லுதாங்க பிள்ள. கேட்ச்ச விட்டா அதானே சொல்லுதாங்க. எனக்கு மட்டும் வேற சொல்லு எங்கிருந்து வரும்?" என்றார். கோபமில்லாமல், கணக்குச் சொல்கிறவர் போலச் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதருடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன். பெயரை எடுத்துக்கொண்டு அதன் அர்த்தத்தை அவர் வாய்க்குள்ளேயும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுக்களையிலிருந்து அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். என் அம்மா முப்பிடாதியம்மாள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போ. நானும் பாக்கணும்லா" என்று என்னிடம் சொன்னாள். அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் வாரேன். ஒரு வாக்குதானே, சொல்லிட்டு வருவோம்" என்றார். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே சாரல். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டார். ஆட்டோவில் போனோம். ஐந்தருவிக்குத் திரும்புகிற இடத்தில் அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள் திரும்பத் திரும்ப அவருக்காகச் சொல்லிப் பார்த்தேன், அது நான்தான், எடுத்துரும்மா. இதைவிடச் சின்ன வாக்கியம் உண்டா? மண்டபத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாசலையொட்டி ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அப்பா சாரலில் நனைந்த சட்டையோடு உள்ளே நடந்தார்.

அவர் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் படித்தார். அவசரமே இல்லை. ஒரு சீட்டில் எழுத்துக்குப் பக்கத்தில் விரல்கள் விரிந்த ஒரு கையைப் படமாகப் போட்டிருந்தான் எவனோ. அதை ரொம்ப நேரம் பார்த்தார். அட்டையையும் படித்தார், உதடு அசைய. சஃப்ரின் வந்து அவர் முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, செல்வியக்கா எல்லாம் சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி போனைக் கீழே இறக்கினாள்.

"அது நீங்கதானா அண்ணாச்சி?"

அப்பா அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். இராஜபாளையத்துப் பையனுக்கும் அந்த வயசுதான் இருந்திருக்கும், நான் அதை அப்போது நினைக்கவில்லை, பிறகுதான் நினைத்தேன்.

"இல்லம்மா" என்றார். "நீ எழுதியிருக்கது சரிதான். அப்படி ஒரு ஆளு இல்ல."

சொல்லிவிட்டு, தப்பாக எதையோ தொட்டுவிட்டவர் மாதிரி கையிலிருந்த சீட்டை விட்டார். அது நூலில் சுற்றியது. சஃப்ரின் என்னைப் பார்த்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை. இவருக்காக ஊரோடு சண்டை போட்டு, இவருக்காக லீவு போட்டு, இவருக்காக ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே செருப்பு என்று சொல்லி, கடைசியில் நடு மண்டபத்தில் என்னை நிறுத்திவிட்டு நழுவிவிட்டார். அதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். அது நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் தொங்கிய நூல்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். அறுந்தன. இன்னொரு கொத்தைப் பிடித்தேன். யாரும் தடுக்கவில்லை. அப்பாதான் "வேண்டாம் பிள்ள, பாவம், கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கா" என்றார். அதைக் கேட்டதும் அவரையே அடித்துவிடலாம் போல் இருந்தது எனக்கு.

"அப்படி ஒரு ஆளு இல்லியாமா?"

குரல் வாசலிலிருந்து வந்தது. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். "அப்பம் நான் யாருக்கு வாக்கப்பட்டு வந்தேன்? இத்தன வருசமா யாருக்குப் பொங்கிப் போட்டேன்? எம்மவ யாருக்குப் பொறந்தா?"

அப்பா சீட்டுகளுக்கு நடுவே நின்றார். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

என் அம்மா புருஷன் பெயரைச் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் என்னைத் தோளில் தட்டிச் சொல்லவைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் வந்ததே கிடையாது, பெயராகவும் இல்லை, கேலியாகவும் இல்லை. ஊர் மொத்தமும் சொன்னதில் சேராத ஒரே வாய் அதுதான் என்று எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அய்யாக்குட்டி!" என்று கூப்பிட்டாள். வயலுக்கு அப்பால் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல். "ஏ அய்யாக்குட்டி! ஒம்மத்தான. இங்கன வாரும்."

பின்னால் எவனோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. மனிதர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படித் திரும்புவார்களோ அப்படித் திரும்பினார், யாரென்று தேடிக்கொண்டு. அம்மாவைப் பார்த்தார்.

"இந்தா வாரேன்" என்றார்.

இரண்டு கைகளாலும் நூல்களை விலக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சீட்டுகள் ஈரச் சட்டையில் ஒட்டி, நூலோடு அறுந்து, தோளிலும் முதுகிலும் அவரோடேயே வந்தன. அவர் ஒன்றையும் தட்டிவிடவில்லை. அம்மா நாற்காலியை விட்டுவிட்டு, வலிக்கிற முழங்காலோடு, கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.